என்பி எம்எக்ஸ்-5: ஷாக்கை எவ்வளவு டைட் வைக்கலாம்? செப்பாங் 14-ஆம் வளைவில் பின்பக்கம் நழுவுகிறது

ஷா ஆலம் ரோட்ஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 (என்பி எனப்படும் இரண்டாம் தலைமுறை), 1.8 லிட்டர், கையால் கியர் மாற்றும் வண்டி. பழைய ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்) நாலிலும் எண்ணெய் கசிந்ததால் கோனி மஞ்சள் ஷாக் போட்டேன், திருகால் டைட், லூஸ் மாற்றலாம். கூடவே வண்டியைக் கொஞ்சம் இறக்கும் ஸ்பிரிங்கும் மாட்டியாயிற்று. மாட்டிய கடையில் நாலையும் கடைசிவரை டைட் வைத்துத் தந்தார்கள். "ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான்" என்றார்கள்.

ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் மூக்கு திரும்புகிறது, அது பிடித்திருக்கிறது. ஆனால் செப்பாங் பந்தயத் தடத்தில் இரண்டு இடம் தொந்தரவு தருகிறது. 14-ஆம் வளைவில் பிரேக் பிடித்தபடியே வலப்பக்கம் திரும்ப வேண்டும் அல்லவா, அங்கே பின்பக்கம் லேசாகி வெளியே போகப் பார்க்கிறது. 15-ஆவது, அந்தக் கடைசி இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவில், ஆக்சிலேட்டர் மிதித்ததும் முன்பக்கம் திரும்பாமல் வெளியே தள்ளுகிறது. ஒரே வண்டி ஒரு வளைவில் ஓவர்ஸ்டியர், அடுத்ததில் அண்டர்ஸ்டியர்.

உலு யாம் மலை ரோட்டில் இன்னும் மோசம். மேடு பள்ளம் தொடர்ந்து வந்தால் வண்டி அப்படியே தரையோடு அமுங்கிப் போகிறது. கடைசியில் 'டக்' என்று ஓர் அடி, பிறகு எந்தப் பக்கம் போகும் என்றே தெரியாது.

ஸ்வே பார் (வண்டி சாய்வதைத் தடுக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) மாற்ற வேண்டுமா, ஸ்பிரிங்கா, இல்லை ஷாக்கைத் திருப்பினாலே போதுமா?

பந்தய ரசிகன்:

ஷாக்கில் கை வைக்காதீர்கள் பிரதர். டைட்டாக இருந்தால்தான் பாடி சாயாது. பாடி சாயாவிட்டால் டயர் தரையில் நேராக உட்காரும். ஜிடி3 பந்தய வண்டிகளைப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும். உங்களுக்குத் தேவை நல்ல செமி ஸ்லிக் (பள்ளக்கோடு குறைந்த, பிடிப்பு அதிகமான) டயர். நழுவுவது ஷாக்கால் அல்ல, பிடிப்பு போதாததால்.

கோவை பட்டறை:

தம்பி, டயர் வாங்கக் காசு செலவு பண்ணுவதற்கு முன்னால் சில விஷயம் சொல்லு. இதெல்லாம் தெரியாமல் யார் ஷாக் செட்டிங் சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

டயர் காற்று எவ்வளவு வைக்கிறாய்? குளிர்ந்திருக்கும்போதும், நாலு லேப் ஓட்டி வந்து நிறுத்தியதும். இரண்டு கணக்கும் வேண்டும்.

பம்ப் ஸ்டாப் (ஷாக் அமுங்கி முடியும் இடத்தில் அடியைத் தாங்கும் ரப்பர்) எந்த நிலையில் இருக்கிறது? ஷாக் தண்டில் பம்ப் ஸ்டாப்புக்குக் கீழே ஒரு சின்ன கேபிள் டை கட்டு. ஓட்டிவிட்டு வந்து பார். டை மேலே போய் பம்ப் ஸ்டாப்பில் ஒட்டி நின்றால் ஷாக் தன் நீளத்தை முடித்து முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5-இல் இது பழைய பிரச்சினை. அமுங்குவதற்கு இருக்கும் தூரமே குறைவு. வண்டியை இறக்கினால் அதிலும் பாதி போய்விடும். என்ஏ (முதல் தலைமுறை) வைத்திருப்பவர்கள் என்பியின் மேல் மவுண்டைத் தேடிப் பிடித்து மாட்டுவது அந்தக் கொஞ்சத் தூரத்தை மீட்கத்தான்.

அப்புறம், நாலு ஷாக்கையும் முழு லூஸுக்குக் கொண்டு போய், அங்கிருந்து முழு டைட் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுது. எல்லையில் நின்ற பிறகு முறுக்காதே, உள்ளே இருக்கும் பாகம் சின்னது.

உன் ஷாக் ரீபவுண்ட் மட்டும்தான் மாறும் ரகம். அமுங்குவதை அந்தத் திருகு தொடாது, விரிவதைத்தான் தடுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் உன் மூன்று புகாருக்கும் ஒரே வேர் இருப்பது தெரியும்.

ஷா ஆலம் ரோட்ஸ்டர்:

நன்றி அண்ணே. காற்று குளிரில் 34 பிஎஸ்ஐ, ஓட்டி வந்ததும் 40-ஐத் தாண்டுகிறது. கேபிள் டை கட்டிப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டும் பம்ப் ஸ்டாப்பில் ஒட்டி நிற்கின்றன, முன்பக்கம் ஓரளவு இடம் இருக்கிறது. பம்ப் ஸ்டாப் பழசுதான், ஒரு பக்கம் பொடிந்து கிடக்கிறது. திருகு லூஸிலிருந்து டைட் வரை ஏறத்தாழ இரண்டு சுற்று, நாலிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒரே வேர் என்கிறீர்களே, அது எப்படி? ஒரு இடத்தில் பின்பக்கம் போகிறது, இன்னொரு இடத்தில் முன்பக்கம் போகிறதே.

ஆட்டோமொபைல் வாத்தியார்:

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் வழி தவறுகிறார்கள்.

ஓட்டுபவரோடு சேர்த்து வண்டி 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை மையம் தரையிலிருந்து 0.45 மீட்டர் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.42 மீட்டர். 0.9 ஜி பக்கவாட்டு முடுக்கத்தில் (புவியீர்ப்பில் 0.9 மடங்கு) வளைகிறீர்கள். உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகும் சுமை 1,100 × 0.9 × 0.45 ÷ 1.42, அதாவது ஏறத்தாழ 310 கிலோ. இந்தக் கணக்கில் ஷாக் எங்கேயாவது இருக்கிறதா? ஸ்பிரிங்கூட இல்லை. ஷாக்கை எவ்வளவு முறுக்கினாலும் இந்த 310 கிலோ குறையவும் செய்யாது, கூடவும் செய்யாது. ஷாக் மாற்றுவது அந்தச் சுமை எவ்வளவு சீக்கிரம் வந்து சேருகிறது என்பதை மட்டும். வளைவின் நடுவில் பாடி சாய்ந்து, சாய்வு அப்படியே நிலைத்த பிறகு, ஷாக் தண்டு நகர்வதில்லை. நகராத ஷாக்குக்கு விசை கிடையாது. செப்பாங்கின் 5, 6 மாதிரி நீண்டு போகும் வேக வளைவில் நடுவே அண்டர்ஸ்டியர் என்றால் ஷாக்கைத் திருகிப் பயனில்லை. அங்கே பேச வேண்டியது ஸ்பிரிங், ஸ்வே பார், கேம்பர் (சக்கரத்தின் சாய்வுக் கோணம்), டயர் காற்று.

ஷாக்கின் ஆட்சி நடப்பது வளைவுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும். 14-ஆம் வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடித்தால் பின்பக்கம் எழும்பும், அதாவது பின் ஷாக் விரியும். எம்எக்ஸ்-5-இன் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) 2.265 மீட்டர். 0.5 ஜி பிரேக்கில் பின் அச்சு 110 கிலோ அளவுக்குச் சுமையை இழக்கிறது. பின் அச்சில் இருந்ததே 550-தான். பின் ரீபவுண்ட் முழு டைட்டாக இருந்தால் அந்த இழப்பு சட்டென்று நடக்கிறது. அது போதாதென்று, தரை சற்றே இறங்கும் இடத்தில் சக்கரம் கூடவே இறங்க முடியாமல் ஷாக் அதை மேலே பிடித்து வைத்திருக்கிறது. அதே நேரத்தில் நீங்கள் ஸ்டியரிங்கையும் திருப்புகிறீர்கள். பின் டயர் போகாமல் என்ன செய்யும்?

15-இல் கதை முன்பக்கத்துக்கு மாறுகிறது. ஆக்சிலேட்டர் மிதித்ததும் மூக்கு எழும்பும், முன் ஷாக் விரியும். அங்கே ரீபவுண்ட் அளவுக்கு மேல் இருந்தால் முன் டயரின் சுமை திடீரென்று குறையும். போதாததற்கு 2016-இல் செப்பாங்கைப் புதுப்பித்தபோது அந்த வளைவின் உள்பக்கத்தை உயர்த்தினார்கள். சரிவு வெளிப்பக்கமாகப் போகிறது. ஏற்கெனவே பிடிப்பு குறைவான இடத்தில் இருப்பதையும் உங்கள் ஷாக் பிடுங்கிக்கொள்கிறது.

உலு யாமில் நடப்பதும் இதேதான். மேட்டில் சக்கரம் மேலே போகிறது, அமுங்குவதைத் தடுக்க ஷாக்கில் அதிகம் இல்லை. திரும்ப விரிய ஸ்பிரிங் முயலும்போது ரீபவுண்ட் விடவில்லை. முழுதாக விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. இப்படி ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசியில் பம்ப் ஸ்டாப் மேல் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் கேட்ட 'டக்' அதுதான். பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்த மூலையில் ஸ்பிரிங் திடீரென்று பல மடங்கு கடினமானதற்குச் சமம். எந்த மூலை முதலில் முட்டுகிறதோ அந்தப் பக்கம் பிடியை விடும்.

மூன்றுக்கும் வேர் தேவைக்கு மேல் ரீபவுண்ட். கோவை அண்ணன் சொன்னது சரி.

பந்தய ரசிகன்:

சார், கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பந்தய வண்டிகள் எல்லாம் ஏன் அவ்வளவு டைட்டாக இருக்கின்றன? அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா? லூஸாக வைத்தால் படகு மாதிரி ஆடும், அதில் எப்படி வேகமாகப் போவது?

கோவை பட்டறை:

நல்ல கேள்விதான், பதில் இருக்கிறது.

ஜிடி3 வண்டியின் முன்னால் ஸ்பிளிட்டர் (தரையை ஒட்டி நீளும் தட்டு), பின்னால் பெரிய இறக்கை. வேகம் ஏற ஏறக் காற்று அதைத் தரையோடு அழுத்துகிறது. அந்த அழுத்தம் சீராக இருக்க வேண்டுமானால் வண்டியின் உயரம் சில மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதனால் ஸ்பிரிங் கல்லாக இருக்கிறது, ஸ்பிரிங்குக்கு ஈடு கொடுக்க ஷாக்கும் அப்படியே. டயர் ஸ்லிக், தரை வழவழப்பு. நம் தம்பியின் வண்டியில் காற்று தருவது ஒன்றுமில்லை. தெருவில் ஓடும் டயர், தெருவில் ஓடும் ஸ்பிரிங். அங்கே இருப்பதை எடுத்து இங்கே வைத்தால் நடக்காது.

இங்கே கோவை செட்டிப்பாளையத்தில் கரி டிராக்குக்கு வருகிற பையன்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். அந்த டிராக் சின்னது, அடுத்தடுத்து வளைவு. அங்கே ஒத்துவந்த செட்டிங்கோடு சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போய் முதல் வேக வளைவில் நுழைந்தால் வண்டி வேறு மாதிரி பேசும். செட்டிங் என்பது வண்டிக்கு மட்டும் அல்ல, தரைக்கும் சேர்த்து.

லூஸாக வை என்று நான் சொல்லவில்லை என்பதையும் கவனி. ஆடுகிற வண்டியும் மெதுவான வண்டிதான். மேடு தாண்டியதும் பாடி ஒரு தடவை எழுந்து இறங்கி நின்றுவிட வேண்டும். இரண்டாவது தடவை ஆடினால் குறைவு. எழவே விடாமல் பிடித்து வைத்தால் அதிகம்.

ஸ்கார்பரோ மியாட்டா:

வணக்கம் எல்லாருக்கும். நானும் என்பிதான் வைத்திருக்கிறேன், இங்கே டொரொன்டோ பக்கம் ஆட்டோகிராஸ் ஓடுகிறேன். பந்தய ரசிகன் தம்பிக்காக ஒரு வார்த்தை சொல்ல வேணும், அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கு.

ஆட்டோகிராஸ் என்றால் பெரிய கார் பார்க்கிங்கில் கூம்பு வைத்து ஓடுவது. ஒரு ஓட்டம் ஒரு நிமிடம் அளவுதான். அதில் நேர்கோடும் இல்லை, நிலைத்து நிற்கிற வளைவும் இல்லை. இடம், வலம், இடம், வலம் என்று மாறிக்கொண்டே இருக்கும். வாத்தியார் சொன்ன கணக்கின்படியே பாருங்கோ, முழுப் பாதையுமே ஷாக்கின் ஆட்சிதான். அங்கே நான் ரீபவுண்டைக் கணிசமாகக் கூட்டித்தான் ஓடுவேன். கூம்புகளுக்கு நடுவே நெளிந்து போகும் ஸ்லாலத்தில் பாடி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக எடுக்கும் நேரம் குறைய வேணும், இல்லாவிட்டால் நாலாவது கூம்பில் ஸ்டியரிங்கும் வண்டியும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். பார்க்கிங் தரை பெரும்பாலும் சமமாக இருப்பதால் அமுங்கிப் போகிற பிரச்சினையும் குறைவு.

ஆனால் அதே செட்டிங்கோடு போமன்வில் பக்கம் இருக்கும் மோஸ்போர்ட் பந்தயத் தடத்துக்குப் போனால் கதை வேறு. இரண்டாவது வளைவு பள்ளத்துக்குள் இறங்குகிற வேகமான இடப்பக்க வளைவு, வெளியேறும் இடம் கண்ணுக்கே தெரியாது. அங்கே பின் டயர் தரையை விட்டுக் கொஞ்சம் லேசானாலும் ஓட்டுபவருக்கு நெஞ்சு உலர்ந்துவிடும். மோஸ்போர்ட்டுக்கு நான் பின்பக்கத்தை நல்லாவே தளர்த்திவிடுவேன்.

இன்னொன்று, காற்று 34 என்பது இந்த வண்டிக்கு மிக அதிகம் தம்பி. மாஸ்டா கதவோரம் ஒட்டியிருப்பது 26 பிஎஸ்ஐ. சூடாகி 40 தாண்டினால் டயரின் நடுப்பகுதிதான் அதிகமாகத் தரையை அழுத்தும். முதலில் அதைச் சரி செய்யுங்கோ. அதைச் செய்யாமல் ஷாக்கைத் திருகினால் எது எதனால் மாறியது என்று தெரியாமல் போகும்.

கோவை பட்டறை:

டொரொன்டோ நண்பர் சொன்னதோடு சேர்த்து இப்போது வேலையைச் சொல்கிறேன்.

முதலில் பம்ப் ஸ்டாப்பைப் புதுசாகப் போடு. பொடிந்ததோடு எந்தச் சோதனையும் வேண்டாம். பின்பக்கம் உயரத்தைக் கொஞ்சம் ஏற்ற வழி இருந்தால் ஏற்று. சாதாரண இறக்கும் ஸ்பிரிங்கில் அந்த வசதி இருக்காது. அப்படியானால் வண்டியைக் குறைவாக இறக்கும் ஸ்பிரிங் ஒன்றைப் பிற்பாடு யோசிக்கலாம், இப்போது அவசரமில்லை. காற்றைச் சூட்டில் 30 பக்கம் நிற்கும்படி வை. ஓட்டி வந்து பிட்டில் (டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) நுழைந்த உடனே அளந்து வெளியே விடு. வண்டி நின்று ஆறிய பிறகு அளப்பதில் பயனில்லை.

இதையெல்லாம் செய்துவிட்டு நாலு ஷாக்கையும் முழு லூஸுக்குக் கொண்டு போ. அங்கிருந்து முன்னால் ஒரு சுற்று, பின்னால் அரைச் சுற்று டைட் பண்ணு. இது ஆரம்பப் புள்ளி, இதுதான் முடிவு என்று நினைக்காதே. எப்போதும் லூஸ் எல்லையிலிருந்தே எண்ணு. டைட் எல்லை தேயத் தேய மாறும், எல்லாரும் அந்தப் பக்கம்தான் போட்டு முறுக்குவார்கள்.

ஓட்டும்போது வளைவை மூன்றாகப் பிரித்து மனதில் வை. பிரேக் பிடித்து ஸ்டியரிங் திருப்பும் வரை ஒன்று, நடுவில் பெடல் எதையும் பெரிதாகத் தொடாத நேரம் ஒன்று, ஆக்சிலேட்டர் மிதித்து வெளியேறுவது ஒன்று. "வண்டி அண்டர்ஸ்டியர்" என்று மட்டும் வந்து சொன்னால் என்னால் ஒன்றும் பண்ண முடியாது. எந்த வளைவில், எந்தப் பகுதியில் என்று சொல்.

நுழையும்போது பின்பக்கம் போனால் பின் ரீபவுண்டைக் குறை. நுழையும்போது மூக்கு திரும்பச் சோம்பல்பட்டால் பின்னால் கால் சுற்று கூட்டலாம், அல்லது முன்னால் கால் சுற்று குறைக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யாதே. வெளியேறும்போது மூக்கு தள்ளினால் முன் ரீபவுண்டைக் குறை. ஆக்சிலேட்டர் மிதித்தால் மூக்கு மேலே போய் ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் ஆகிறது என்றால் முன்னால் கூட்டு. நடுவில் பிரச்சினை என்றால் ஷாக்கை விட்டுவிட்டு வாத்தியார் சொன்ன பட்டியலுக்குப் போ.

ஒரு தடவைக்கு ஓர் அச்சு மட்டும், இடது வலது இரண்டும் ஒரே அளவு. முதலில் பெரிதாக மாற்று, அரைச் சுற்று. அப்போதுதான் உன் முதுகுக்கு வித்தியாசம் தெரியும். கால் சுற்றெல்லாம் கடைசியில். நன்றாக இருக்கிறது என்று தோன்றியதும் பழைய இடத்துக்கே ஒரு முறை திருப்பி வைத்து ஓட்டிப் பார். பழைய குறை திரும்பி வந்தால்தான் நீ செய்த மாற்றம் உண்மை. வராவிட்டால் டயர் சூடானதோ நீ டிராக்கைப் பழகியதோதான் காரணம். இந்தத் திரும்பிப் பார்க்கும் வேலையை யாரும் செய்வதில்லை, அதனால்தான் இணையம் முழுக்க "எனக்கு ஒன்றரைச் சுற்று, உனக்கு எவ்வளவு" என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வண்டியிலேயே கிடக்கட்டும். காற்று, திருகு, வெயிலா மழையா எல்லாம் அதில் ஏறட்டும்.

உட்லண்ட்ஸ் வாசி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது ஜப்பான் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுப்பு), ஒரே திருகு, 16 கிளிக். இது ரீபவுண்டா, கம்ப்ரஷனா (அமுங்குவதைத் தடுப்பதா)? மேலே சொன்ன முறை எனக்கும் பொருந்துமா?

ஆட்டோமொபைல் வாத்தியார்:

டெயின் போன்றவற்றில் அந்த ஒரே திருகு இரண்டையும் சேர்த்தே மாற்றும். ஓலின்ஸ் ரோட் அண்ட் டிராக்கிலும் ஒரே திருகுதான் இரண்டுக்கும். கேடபிள்யூ வேரியண்ட் 3 போன்றவற்றில் தனித்தனித் திருகு. உங்கள் முறை அதேதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. நீங்கள் கூட்டும்போது அமுங்குவதும் கடினமாகிறது. கெர்ப் (டிராக் ஓரத்து மேடு) ஏறினால் சக்கரம் மேலே ஒதுங்காமல் வண்டியையே தூக்கி எறியப் பார்க்கும். அதனால் ரீபவுண்ட் தனியாக மாறும் ஷாக்கைவிடச் சற்று முன்னதாகவே நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணுவதும் இவற்றில் தலைகீழ். டெயினும் ஓலின்ஸும் முழு டைட்டைப் பூஜ்யமாக வைத்து லூஸ் பக்கம் எண்ணச் சொல்கின்றன. நண்பரிடம் "எட்டு கிளிக்" என்று கேட்டு வந்து உங்கள் வண்டியில் வைப்பதற்கு முன் எங்கிருந்து எட்டு என்று கேளுங்கள்.

ஒரு விஷயம் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். ஷாக்கின் உள்ளே எண்ணெய் சின்ன ஓட்டைகள் வழியாகப் போகிறது. ஊசி மருந்து சிரிஞ்சை மெதுவாக அழுத்தினால் சுலபம், வேகமாக அழுத்தினால் கை வலிக்கும், அதே தத்துவம். பாடி சாய்வது, மூக்கு தாழ்வது எல்லாம் மெதுவான அசைவு, தண்டு நொடிக்கு 50 மில்லிமீட்டர் அளவில்தான் நகரும். கெர்ப், குழி எல்லாம் வேக அசைவு, நொடிக்கு 200-ஐத் தாண்டும். ஸ்டியரிங் உணர்வைத் தீர்மானிப்பது முதல் வகை. டயர் தரையை விடாமல் இருப்பதைத் தீர்மானிப்பது இரண்டாவது. நல்ல ஷாக் என்பது முதலாவதில் உறுதியாகவும் இரண்டாவதில் விட்டுக்கொடுத்தும் இருப்பது. மலிவான காயில்ஓவரில் பணம் மிச்சமாவது இந்த இரண்டாவது இடத்தில்தான், அதை எந்தத் திருகும் சரி செய்யாது.

இன்னொரு கணக்கும் பலருக்கு உதவும். ஸ்பிரிங்கை இரு மடங்கு கடினமாக்கினால் ஷாக்கும் இரு மடங்கு வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவைப்படும் தணிப்பு ஸ்பிரிங்கின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். இரு மடங்கு ஸ்பிரிங்குக்கு 1.4 மடங்கு ஷாக் போதும்.

ஷா ஆலம் ரோட்ஸ்டர்:

போன வாரம் செப்பாங்கில் எல்லாரும் சொந்த வண்டி ஓட்டக்கூடிய நாளில் ஓட்டிவிட்டு வந்தேன். கோவை அண்ணன் சொன்னபடி பம்ப் ஸ்டாப் புதுசு, காற்று சூட்டில் 30, முன்னால் ஒரு சுற்று, பின்னால் அரைச் சுற்று.

முதலில் பிட்டிலிருந்து வெளியே வந்ததும் ஏமாற்றமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஸ்டியரிங் மந்தமானது போல ஓர் உணர்வு. முதல் வளைவில் வலப்பக்கம் சுருண்டு, உடனே இரண்டாவதில் இடப்பக்கம் மாற்றும்போது பாடி புரண்டு வருவது நன்றாகவே தெரிந்தது. ஆனால் 14-இல் பிரேக்கோடு திரும்பினேன், பின்பக்கம் அசையவே இல்லை. அடுத்த லேப்பில் இன்னும் கொஞ்சம் தாமதமாக, இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பிரேக்கைக் கொண்டு போனேன். அப்போதும் மெல்ல மூக்கைத் திருப்பிக் கொடுத்ததே தவிர வெளியே போகவில்லை.

15-இல் தள்ளுவது குறைந்தது, முழுதாகப் போகவில்லை. முன்னால் அரைச் சுற்று குறைத்தேன். தள்ளுவது நின்றது, ஆனால் 1, 2 வளைவு மாற்றத்தில் மூக்கு தாமதமாக வந்தது. கால் சுற்று திரும்பக் கூட்டி, முன்னால் முக்கால் சுற்றில் நிறுத்தினேன். பின்னால் அரைச் சுற்று அப்படியே. மதியம் எல்லாவற்றையும் பழையபடி முழு டைட் வைத்து இரண்டு லேப் ஓட்டிப் பார்த்தேன். 14-இல் பின்பக்கம் உடனே கிளம்பியது. திரும்ப முக்கால், அரை வைத்ததும் அடங்கியது.

லேப் நேரத்தைப் பார்த்தால் மிக வேகமான லேப் பெரிதாக மாறவில்லை. மாறியது மற்ற லேப்கள். முன்பெல்லாம் ஒன்று நன்றாக வரும், அடுத்தது எங்காவது சறுக்கி வீணாகும். இப்போது அடுத்தடுத்து ஒரே மாதிரி வருகிறது. இறங்கியபோது கையும் தோளும் களைப்பாக இல்லை.

உலு யாமிலும் ஓட்டினேன். 'டக்' இல்லை. கேபிள் டை பின்பக்கம் பம்ப் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது.

பந்தய ரசிகன்:

திரும்ப டைட் வைத்துப் பார்த்தீர்களே, அது எனக்குப் பிடித்தது. அதே டயர், அதே நாள் என்றால் நம்பத்தான் வேண்டும். ஒரு சந்தேகம், ஸ்டியரிங் மந்தமாகத் தெரிந்தது என்றீர்களே, அது கடைசிவரை இருந்ததா?

ஷா ஆலம் ரோட்ஸ்டர்:

இல்லை பிரதர். சில லேப்பில் பழகிவிட்டது. டைட்டாக இருந்தபோது கைக்கு உடனே பதில் கிடைத்தது, அதை நான் பிடிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பதில் ஒரு நொடிப் பகுதி தாமதம், ஆனால் வந்த பதில் நிற்கிறது.

ஸ்கார்பரோ மியாட்டா:

நல்ல சேதி தம்பி. முதல், இரண்டாம் வளைவுக்கு இன்னும் சுறுசுறுப்பு வேணும் என்றால் ஷாக்கை விட்டுவிட்டு முன் ஸ்வே பாரைப் பாருங்கோ. அது மேடு பள்ளத்தில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது குறுக்கே நிற்காது, சாயும்போது மட்டும்தான் வேலை செய்யும். ஆனால் கூட்டினால் நடு வளைவில் அண்டர்ஸ்டியர் கொஞ்சம் ஏறும், அதையும் கணக்கில் வையுங்கோ.

இங்கே குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டு ஷாக் டைட்டாகத் தெரியும். ஏப்ரல் மாதத்துக் காலையில் வைத்த செட்டிங்கை மதியம் திரும்பப் பாருங்கோ. காயில்ஓவர் வைத்திருப்பவர்கள் உப்பு ரோட்டில் ஓடினால் உயரம் மாற்றும் வளையம் துருப்பிடித்து இறுகிவிடும், பனிக்காலம் தொடங்கும் முன் கழுவித் துடைத்து கிரீஸ் பூசிவிடுங்கோ.

ஷா ஆலம் ரோட்ஸ்டர்:

அண்ணே, கடைசியாக ஒன்று. இங்கே மதியம் மூன்று மணிக்கு மேல் மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். ஓட்டிக்கொண்டிருக்கும் நாளிலேயே நடுவில் நனைந்துவிட்டால் எதை மாற்ற வேண்டும்?

கோவை பட்டறை:

ஈரத்தில் பிடிப்பு குறைவு, அதனால் பாடி சாய்வதும் மூக்கு தாழ்வதும் தானாகவே குறைந்துவிடும். ஷாக் பிடித்து நிறுத்த வேண்டிய அசைவே சின்னது. முன்னாலும் பின்னாலும் கால் சுற்று லூஸ் பண்ணு. சுமை மெதுவாக மாறட்டும், டயர் நழுவப் போவதை உனக்கு முன்கூட்டியே சொல்லும். பின்பக்கம் அப்போதும் துள்ளினால் பின்னால் முழு லூஸ் வரை போகலாம், பயமில்லை. காற்றை மட்டும் உலர்ந்த நாளை மாதிரி குறைத்து விடாதே, ஈரத்தில் டயர் அவ்வளவு சூடாகாது. அளந்து பார்த்து இரண்டு பிஎஸ்ஐ ஏற்ற வேண்டியிருந்தால் ஏற்று.

வீட்டுக்குக் கிளம்பும் முன் திருகையும் காற்றையும் முக்கால், அரை, 26 என்று திரும்பக் கொண்டு வந்து நோட்டில் எழுதிவிடு. அடுத்த முறை பின் ஸ்பிரிங் மாற்றும் யோசனை வந்தால் இங்கேயே போடு, எந்த உயரம் சரி என்று சேர்ந்து பார்க்கலாம்.